வெயில் அந்தக் காலத்திலும் இருந்ததுதானே, பிறகு ஏன் எல்லாவற்றுக்கும் காலநிலை மாற்றம் என்கிறார்கள்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும். 2024 மே மாதத்தில் டெல்லியில் 52.9 டிகிரி என்று செய்தி வந்தது, மூன்றே நாளில் அது கருவியின் பிழை என்றார்கள். 2010இல் ரஷ்யாவை வாட்டிய வெயிலுக்குக் காலநிலை மாற்றம் காரணமா என்பதில் விஞ்ஞானிகளே எதிரெதிராக எழுதினார்கள். உங்கள் பெரியப்பாவோ தம் சிறுவயதிலும் இதே வெயில்தான் என்கிறார். அப்படியிருக்க ஒவ்வொரு கோடையிலும் சொல்லப்படும் 'காலநிலை மாற்றத்தால் வந்த வெப்ப அலை' என்ற பேச்சை எந்த அளவுக்கு நம்புவது? ஒரே கேள்வியாகத் தெரிந்தாலும் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அளந்த எண் சரிதானா என்பது ஒன்று. வெயில் உண்மையிலேயே கூடியிருக்கிறதா என்பது இன்னொன்று. குறிப்பிட்ட ஒரு வெப்ப அலையில் மனிதனின் பங்கு எவ்வளவு என்பது மூன்றாவது. ஒருவர் முதலாவதைப் பேசும்போது மற்றவர் மூன்றாவதற்கு மறுமொழி சொல்வதால் மூண்ட சண்டைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். வானிலைக் கண்காணிப்பு நிலையங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அளவெடுத்து ஓய்வு பெற்றவன் நான். கணினி மாதிரிகளை இயக்கும் ஆய்வாளன் அல்லன். ஆகவே கருவியையும் பதிவேட்டையும் பற்றி நான் சொல்வதை அனுபவமாகவும், மற்றவற்றை அந்த ஆய்வுகளைத் தொடர்ந்து படித்து வருபவனின் வாசிப்பாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெப்பநிலை என்று நாங்கள் பதிவேட்டில் எழுதுவது நிழலில் உள்ள காற்றின் சூட்டைத்தான். தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில், வெள்ளை வண்ணம் பூசிய, நாற்புறமும் சாய்வுச் சட்டங்கள் அடித்த மரப்பெட்டிக்குள் வெப்பமானிகள் இருக்கும். ஸ்டீவன்சன் பெட்டி என்பது அதன் பெயர். காலை 8.30க்கும் மாலை 5.30க்கும் அதைத் திறந்து படிப்போம். காற்றுக்குத் தடையில்லாத திறந்த புல்தரையில் அது நிற்க வேண்டும் என்பது விதி. நான் வேலை பார்த்த ஓரிடத்தில், பெட்டிக்குச் சில அடி தள்ளி ஒரு வாகனக் கொட்டகையும் சிமெண்ட் தளமும் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே அதிகபட்ச வெப்பம் மெல்ல ஏறியது. ஊரின் வெயில் கூடிவிட்டது என்று சிலர் நம்பியும்விட்டார்கள். பெட்டியை இடம் மாற்றச் சொல்லி நான் எழுதிய கடிதங்கள் நெடுநாள் கோப்பிலேயே கிடந்தன. இதைச் சொல்வதற்குக் காரணம், தனியொரு நிலையத்தின் தனியொரு எண்ணைச் சந்தேகிப்பவர்களை நான் ஒருபோதும் மூடர்கள் என்று நினைத்ததில்லை என்பதுதான்.

டெல்லி முங்கேஷ்பூரில் 2024 மே 29 அன்று நடந்ததும் அத்தகைய ஒன்றே. அங்கிருந்தது தானியங்கி நிலையம். மற்ற நிலையங்களோடு ஒட்டாமல் அது மட்டும் 52.9 காட்டியதால், இந்திய வானிலை ஆய்வுத் துறை தரமான கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்து, உணரி சுமார் 3 டிகிரி கூட்டிக் காட்டுகிறது என்று ஜூன் 1ஆம் தேதி அறிவித்தது. இதை வைத்து வெப்பக் கணக்கே பொய் என்று வாதிட்டவர்கள், அதே நாளில் நெடுங்காலப் பதிவுடைய சஃப்தர்ஜங் நிலையம் 46.8 டிகிரியைக் குறித்ததையும், அங்கே 79 ஆண்டுகளில் அதுவே அதிகம் என்பதையும் பேசாமல் விட்டுவிட்டார்கள். திருத்தம் எந்தப் பக்கம் நடந்தது என்பதையும் கவனியுங்கள். லிபியாவின் அல் அஜீஜியாவில் 1922இல் எழுதப்பட்ட 58 டிகிரி, தொண்ணூறு ஆண்டுகள் உலகச் சாதனையாக இருந்தது. அனுபவமற்ற ஒருவர் வெப்பமானியைத் தவறாகப் படித்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்து, 2012இல் உலக வானிலை அமைப்பு அதை நீக்கியது. வெயிலை மிகைப்படுத்தும் சதி ஒன்று இருந்திருந்தால், சதிகாரர்கள் தங்கள் கையிலிருந்த மிகப் பெரிய எண்களையே அழித்திருக்க மாட்டார்கள்.

இனி உங்கள் பெரியப்பாவின் பேச்சுக்கு வருகிறேன். அதில் பலர் ஒப்புக்கொள்ளத் தயங்கும் உண்மை கொஞ்சம் இருக்கிறது. உலகின் அதிகாரப்பூர்வ அதிகபட்ச வெப்பம் இன்றும் 1913 ஜூலை 10 அன்று கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் குறித்த 56.7 டிகிரிதான், அதையும் சிலர் ஐயுறுகிறார்கள் என்பது வேறு. அமெரிக்காவில் 1936 ஜூலையில் வடக்கு டகோட்டாவின் ஸ்டீல் என்ற ஊர் கண்ட 49.4 டிகிரியை அந்த மாநிலம் இன்றுவரை தாண்டவில்லை. அந்த வெயிலுக்கு மழையின்மையோடு, உழுது உழுது வெறுமையாக்கப்பட்ட மண்ணும் காரணம். ஈரமுள்ள தரையில் சூரிய ஆற்றலின் ஒரு பங்கு நீரை ஆவியாக்கப் போய்விடும். காய்ந்த தரையில் அது முழுவதும் காற்றைச் சூடாக்கும். ஆகவே கரியமில வாயு கூடாமலேயே கொடும் வெயில் வர முடியும், வந்தும் இருக்கிறது. இதை யாரும் மறுக்கவில்லை.

இந்தியாவின் கணக்கு இன்னும் சிக்கலானது. புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 1901 முதல் 2018 வரை நாட்டின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி உயர்ந்திருக்கிறது. உலகின் நிலப்பரப்போ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியோடு ஒப்பிட்டால், 2011–2020 காலத்தில் ஏறத்தாழ 1.6 டிகிரி உயர்ந்துவிட்டது. தொடக்க ஆண்டுகள் வெவ்வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் வைக்க முடியாது என்றாலும், நம் நாடு மெதுவாகச் சூடாகியிருக்கிறது என்பது ஐயமற்றது. பெரிதாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. கங்கைச் சமவெளியின் மேல் ஆண்டின் பெரும்பகுதி கவிந்திருக்கும் புகையும் தூசும் சூரிய ஒளியைக் கொஞ்சம் தடுக்கின்றன. கால்வாயும் ஆழ்துளைக் கிணறும் கோடையிலும் ஈரமாக வைத்திருக்கும் வயல்கள், முன்பு காற்றுக்குப் போன சூட்டை ஆவியாதலில் செலவழிக்கின்றன.

ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19 அன்று 51.0 டிகிரி பதிவாகி, 1956இல் ஆல்வார் கண்ட 50.6 என்ற இந்தியச் சாதனை முறிந்தபோது, எல்லோரும் காலநிலை மாற்றம் என்றுதான் எழுதினார்கள். ஆனால் அந்த நிகழ்வை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, அந்தப் பகுதியின் உச்ச வெப்பத்தில் தெளிவான ஏறுமுகம் தெரியவில்லை என்றே சொன்னது. புகையும் பாசனமும் அதை மறைத்திருக்கலாம் என்று காரணமும் காட்டியது. காலநிலை மாற்றத்தின் தடயத்தைத் தேடுவதே தொழிலாகக் கொண்ட குழுவினர், தேடியது கிடைக்காதபோது கிடைக்கவில்லை என்றே எழுதினார்கள். எனக்கு அவர்கள் மேல் நம்பிக்கை கூடியது அப்போதுதான்.

இங்கே இளையவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 'நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் இரவு இவ்வளவு புழுங்காது' என்று நகரவாசி ஒருவர் சொல்லும்போது, அவர் உணரும் வேறுபாட்டில் ஒரு பங்கு கரியமில வாயுவால் வந்ததல்ல. பகலெல்லாம் சூட்டைக் குடித்து இரவெல்லாம் கக்கும் கான்கிரீட், மூடப்பட்ட குளங்கள், வெட்டுண்ட மரங்கள், பக்கத்து வீட்டுக் குளிரூட்டி வெளியே தள்ளும் அனல் ஆகியவை எல்லாம் அதில் சேரும். ஓட்டு வீட்டுத் திண்ணையில் படுத்தவரின் நினைவையும் மூன்றாவது மாடிக்காரரின் அனுபவத்தையும் எதிரெதிரே நிறுத்தி வெப்பநிலையை முடிவு செய்ய முடியாது. பதிவேடுகள் இருப்பது அதற்காகத்தான்.

மூன்றாவது கேள்விதான் கடினமானது. ரஷ்யச் சர்ச்சையும் அதைப் பற்றியதே. 2010 கோடையில் மேற்கு ரஷ்யாவின் மேல், மேகத்தைச் சேரவிடாமல் வெயிலைக் கூட்டும் ஓர் உயர் அழுத்த மண்டலம் வாரக்கணக்கில் நகராமல் நின்றது. ஜூலை 29 அன்று மாஸ்கோவில் 38.2 டிகிரி பதிவானது. காடுகள் எரிந்தன, கோதுமை கருகியது, உயிரிழப்பு சுமார் 55,000 என்று மதிப்பிடப்பட்டது. 2011இல் அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவாவைச் சேர்ந்த டோல் குழுவினர், அந்த வெயிலின் கடுமை பெரும்பாலும் இயற்கையான வளிமண்டல அமைப்பால் வந்தது என்றார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியின் பாட்ஸ்டாம் காலநிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ராம்ஸ்டார்ஃபும் கௌமோவும், புவி சூடாகாதிருந்தால் அந்தச் சாதனை வெப்பம் நிகழ்ந்திருக்காது என்பதற்கு 80 விழுக்காடு வாய்ப்பு என்று எழுதினார்கள். செய்தித்தாள்கள் இதைக் குஸ்திப் போட்டியாகவே காட்டின. மறு ஆண்டு காலநிலை ஆய்வாளர் ஃபிரீடெரிக்கே ஓட்டோவும் உடன் ஆய்ந்தோரும் ஒரு கட்டுரையில் இரண்டும் சரியாக இருக்க முடியும் என்று காட்டினார்கள்: வெயிலின் அளவில் பெரும்பங்கு இயற்கையினுடையது, ஆனால் அப்படிப்பட்ட வெயில் வருவதற்கான வாய்ப்பு 1960களைவிட ஏறத்தாழ மும்மடங்கு ஆகியிருந்தது.

இது வார்த்தை விளையாட்டு போலத் தோன்றலாம். ஓர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். மார்கழிக் காற்றில் அலை எழுந்து எப்போதாவது கரையைத் தாண்டித் தெறிக்கும். உபரி நீர் வழியும் கலிங்குச் சுவரை உயர்த்தி நீர்மட்டத்தை ஒரு சாண் ஏற்றிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் நான்கு முழ உயரத்துக்கு அலை எழுந்து கரையைத் தாண்டுகிறது. இந்த அலை ஏன் இவ்வளவு உயரம் என்று கேட்டால், காற்று என்பதுதான் விடை. ஏற்றிய ஒரு சாணுக்கு அதில் சிறு பங்குதான். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கரை தாண்டிய அலை இப்போது ஏன் ஆண்டுதோறும் தாண்டுகிறது என்று கேட்டால், காற்று மாறவில்லை, நீர்மட்டம்தான் ஏறியிருக்கிறது என்பது விடை. டோல் குழுவினர் முதல் கேள்விக்கும் ராம்ஸ்டார்ஃப் குழுவினர் இரண்டாவதற்கும் பதில் சொன்னார்கள்.

2021 ஜூன் கடைசியில் கனடாவின் மேற்குப் பகுதியில் நடந்ததிலும் இதே சிக்கல் வந்தது. அந்த நாட்டின் பழைய உச்சம் 1937இல் பதிவான 45.0 டிகிரி. லிட்டன் என்ற சிற்றூர் அதை மூன்று நாள் அடுத்தடுத்துத் தாண்டி, ஜூன் 29 அன்று 49.6ஐத் தொட்டது, மறுநாள் காட்டுத்தீயில் ஊரின் பெரும்பகுதி எரிந்து போனது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் மட்டும் 619 பேர் அந்த வெப்பத்தால் இறந்ததாக மரண விசாரணை அலுவலகம் கணக்கிட்டது. உலக வானிலைக் காரண ஆய்வுக் குழு, காலநிலை மாற்றம் இல்லாமல் இது ஏறக்குறைய சாத்தியமே இல்லை என்றும், வெப்பத்தில் சுமார் 2 டிகிரி அதன் பங்கு என்றும் சொன்னது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வளிமண்டலவியலாளர் கிளிஃப் மாஸ் இதைக் கடுமையாக மறுத்தார். வழக்கத்தைவிட 15 டிகிரிக்கும் மேல் கூடிய சூட்டில் புவி வெப்பமயமாதலின் பங்கு சுமார் ஒரு டிகிரிதான், மற்றதெல்லாம் வானிலை என்பது அவர் வாதம். ஒன்றா இரண்டா என்பதில் உண்மையான கருத்து வேறுபாடு இருக்கிறது. மீதி அந்தப் பழைய ஏரிக்கரைச் சண்டைதான். ஆனால் மாஸின் வாதத்தை 'காலநிலை மாற்றத்துக்குப் பங்கே இல்லை' என்று திரித்துப் பரப்பியவர்கள் அவருக்கே நியாயம் செய்யவில்லை. அதே சமயம் 'சாத்தியமே இல்லை' என்ற சொற்றொடரை நான் இருந்திருந்தால் பயன்படுத்தியிருக்க மாட்டேன். நூறு, நூற்றிருபது ஆண்டுப் பதிவை வைத்துக்கொண்டு ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரும் நிகழ்வின் வாய்ப்பை மதிப்பிடும்போது எண்கள் மிகவும் தளர்வாகிவிடும். அந்தக் குழுவினரே தங்கள் அறிக்கையில் இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

நம் பக்கத்து எடுத்துக்காட்டு 2022. அந்த ஆண்டு மார்ச், 1901இல் பதிவு தொடங்கியதிலிருந்து அதுவரை, பகல் உச்ச வெப்பத்தின் சராசரியில், இந்தியா கண்ட மிக வெப்பமான மார்ச் மாதம். பால் பிடிக்கும் பருவத்தில் கோதுமை வெந்து போக, மே 13 அன்று ஏற்றுமதிக்குத் தடை வந்தது. இந்த வெயிலின் வாய்ப்பைக் காலநிலை மாற்றம் சுமார் 30 மடங்கு கூட்டியது என்றது ஓர் ஆய்வு. 100 மடங்கு என்றது பிரிட்டன் வானிலைத் துறையின் ஆய்வு. 'இவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை' என்ற ஏளனத்தை அப்போது நிறையக் கேட்டேன். முதல் ஆய்வு மார்ச், ஏப்ரல் மாதங்களின் பகல் உச்சத்தை எடுத்துக்கொண்டது. இரண்டாவது, ஏப்ரல், மே மாதங்களின் சராசரி வெப்பம் 2010இன் சாதனையைத் தாண்டுவதற்கான வாய்ப்பைக் கணக்கிட்டது. மாதமும் அளவும் வேறாக இருக்கும்போது விடை ஒன்றாக இருந்திருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன். இந்த 'எத்தனை மடங்கு' எண்களில் பார்க்க வேண்டியது எண்ணின் தோராயமான பருமனை மட்டுமே. முப்பதா முப்பத்தைந்தா என்று வாதிடுவதில் பொருளில்லை.

எது உறுதி, எது ஐயம் என்று இப்போது பிரிக்க முடியும். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது, அதற்குக் காரணம் மனிதன், அதனால் புவி சூடாகிறது என்பவற்றில் ஐயமே இல்லை. முன்பு பத்தாண்டுக்கு ஒருமுறை வந்த கடும் வெப்பம் இப்போது ஏறத்தாழ 2.8 மடங்கு அடிக்கடி வருகிறது, வரும்போது 1.2 டிகிரி கூடுதலாகவும் வருகிறது என்று, காலநிலை ஆய்வுகளை மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐபிசிசி 2021இல் சொன்னதும் உலக நிலப்பரப்பு முழுமைக்கும் பொருந்தும் வலுவான கணக்கு. ஒரு மாவட்டம், ஒரு நாள் என்று சுருக்கச் சுருக்கத்தான் உறுதி குறைகிறது. உயர் அழுத்த மண்டலங்கள் ஒரே இடத்தில் நின்றுவிடும் போக்கு புவி சூடாவதால் கூடுகிறதா என்பது இன்னும் தீராத விவாதம். வட இந்தியாவில் புகை எவ்வளவு வெப்பத்தை மறைத்து வைத்திருக்கிறது என்பதும் அப்படியே. காற்றைத் தூய்மைப்படுத்தத்தான் வேண்டும், ஆனால் தூய்மையாகும்போது அந்த மறைந்த வெப்பம் வெளியே வரும் என்பதால் எனக்கு இந்த ஐயமே மற்ற எதையும்விடக் கவலை தருகிறது.

உச்ச வெப்பத்தை மட்டும் வைத்து நடக்கும் இந்தச் சண்டை முழுவதிலும் ஈரப்பதம் பேசப்படுவதே இல்லை என்பது எனக்கு நீண்டகால மனக்குறை. வானிலைத் துறையின் வரையறைப்படி சமவெளியில் 40 டிகிரியும் கடலோரத்தில் 37 டிகிரியும் எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடினாலோ, சமவெளியில் 45 டிகிரியைத் தொட்டாலோதான் வெப்ப அலை. அதில் புழுக்கத்துக்கு இடமில்லை. ஸ்டீவன்சன் பெட்டிக்குள் உலர் வெப்பமானிக்குப் பக்கத்தில், குமிழில் ஈரத் துணி சுற்றிய இன்னொரு வெப்பமானி இருக்கும். வியர்வை ஆறி உடம்பு எந்த அளவுக்குக் குளிர முடியும் என்பதை அது காட்டுகிறது. அது 35ஐத் தொட்டால் சில மணி நேரத்துக்கு மேல் மனித உடல் தாங்காது என்று 2010இல் ஷெர்வுட், ஹூபர் என்ற ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பின்னர் பென்சில்வேனியாவில் நலமான இளைஞர்களை வைத்து நடந்த சோதனையில் 31ஐ ஒட்டியே உடம்பு திணறத் தொடங்கியது. கடலோர நிலையங்களில் கத்திரி வெயில் நாட்களில் ஈரத் துணி வெப்பமானி 28ஐ ஒட்டி நிற்பதை நான் பல முறை எழுதியிருக்கிறேன். அந்த நாட்களில் பல, வரையறைப்படி வெப்ப அலையே அல்ல. பாசனம் பகல் உச்சத்தைக் கொஞ்சம் தணிக்கிறது என்று மேலே சொன்னேன் அல்லவா, அதே பாசனம் காற்றில் ஈரத்தை ஏற்றுகிறது. நாற்று நடுபவரின் உடம்புக்கு அது ஆதாயமா நட்டமா என்பதை உச்ச வெப்பநிலை என்ற ஒற்றை எண் சொல்லாது.

இறப்புக் கணக்கிலும் இதே கோளாறு. வெயிலில் சுருண்டு விழுந்தவரின் சான்றிதழில் மாரடைப்பு என்றே எழுதப்படும். அகமதாபாத்தில் 2010 மே மாதம் 46.8 டிகிரி அடித்தபோது, வெயிலால் என்று எழுதப்பட்டவர்களை மட்டும் எண்ணாமல், 2009, 2011 ஆண்டுகளின் மே மாதத்தைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பார்த்தார்கள்; 1,344 என்று வந்தது. அந்தக் கொடும் வெயில்தான் 2013இல் அந்நகரம் வெப்பச் செயல்திட்டம் வகுக்க வழி செய்தது. அந்த 1,344 பேரில் எத்தனை பேர் காலநிலை மாற்றத்தால், எத்தனை பேர் இயற்கையால் என்ற விவாதத்துக்காக அந்நகரத்தார் காத்திருக்கவில்லை.

உங்கள் பெரியப்பா எந்த ஊரை, எந்தெந்த ஆண்டுகளை நினைத்துச் சொல்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். பக்கத்தில் பழைய நிலையம் ஏதாவது இருந்தால், அதன் பதிவேட்டில் எந்தப் பத்திகளைப் பார்க்க வேண்டும், இடையில் நிலையம் இடம் மாறியதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை விளக்குகிறேன். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம்.